முட்டி தரையில் படாமல்

மூன்றாம் வகுப்பு டீச்சர் கத்த மாட்டாள். வகுப்பில் சத்தம் கூடினால் அவள் குரல் தாழ்ந்துபோகும். அதுவும் போதவில்லையென்றால் கையைத் தட்டுவாள்: மெதுவாக இரண்டு, வேகமாக மூன்று. பிள்ளைகள் அதே தாளத்தைத் திருப்பித் தட்ட வேண்டும். இதில் மந்திரம் ஒன்றுமில்லை. திருப்பித் தட்ட வேண்டுமானால் முதலில் அதைக் காதில் வாங்க வேண்டும்; காதில் வாங்கும்போது வாய் தானாக மூடிக்கொள்ளும். இரண்டு கையும் வேலையாக இருப்பதால் பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளவும் முடியாது. ஒரே தட்டலில் வாய், காது, கை மூன்றும் டீச்சரிடம் வந்து சேர்ந்துவிடும்.

அவளுடைய நாத்தனாரும் ஒரு வகையில் டீச்சர்தான். கணவனின் கடைசித் தங்கை. முப்பது வயதைத் தாண்டியும் வீட்டில் அவள் பெயர் பாப்பா. சாயங்காலம் ஒரு பொது ஹாலில் பெண்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு எடுத்தாள். அங்கே அவள் கோச்.

ஒரே வீட்டில் இருந்த இருவருக்கும் பேச்சு என்றால் தொழில் பேச்சுதான். காய்ந்த துணியை ஆளுக்கொரு முனை பிடித்து மடிக்கும்போதுகூட அதுதான் ஓடும். பாப்பாவிடமிருந்து டீச்சர் கற்றுக்கொண்டது கண்ணாடி வித்தை. ஆட்களுக்கு எதிரே நின்று 'வலது கை' என்று சொல்லும்போது கோச் தன் இடது கையைத் தூக்க வேண்டும். எதிரே நிற்பவர்களுக்கு அது கண்ணாடியில் பார்ப்பது போல இருக்கும். யோசிக்காமல் கூடவே தூக்குவார்கள். டீச்சர் அதை எழுத்துக்குக் கொண்டுபோனாள். பிள்ளைகளைப் பார்த்தபடி காற்றில் 'அ' எழுதினால் அவர்களுக்கு அது திரும்பித் தெரியும். அதனால் இடதை வலதாக்கி எழுதப் பழகினாள். சமையலறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு விரலை ஆட்டி ஆட்டிப் பழகினாள். 'ஞ' மட்டும் கடைசி வரை மக்கர் பண்ணியது.

பாப்பா திருப்பிக் கேட்ட நாள் வந்தது. வகுப்புக்கு ஆள் குறைந்துகொண்டே போகிறது, இந்த மாத முடிவில் வந்து பார்ப்பேன், இப்படியே இருந்தால் அந்த நேரத்தை நடன டீச்சருக்குக் கொடுத்துவிடுவேன் என்று ஹால் மேனேஜர் சொல்லிவிட்டார். அந்த நேரம்தான் எல்லாமே. ஆபீஸ் விட்டு வருகிற பெண்கள், வீட்டுக்குள் நுழைந்து மாட்டிக்கொள்வதற்கு முன்னால் தங்களுக்கென்று திருடிக்கொள்கிற ஒரே மணி நேரம் அது. அது போனால் பாப்பாவுக்கு வேறு வகுப்பு இல்லை. இன்னொரு இடத்தில் இருந்தது ஏற்கெனவே போய்விட்டது.

"அந்த வாண்டுங்கள எப்படி அண்ணி கட்டி மேய்க்கிறீங்க? எனக்கு வளர்ந்த பொம்பளைங்க பாதிப் பாட்டுல போன் பார்க்கப் போயிடறாங்க" என்றாள் பாப்பா.

டீச்சருக்கு அப்படி யாராவது கேட்டால் போதும், கையில் இருக்கிற வேலை நின்றுவிடும். பாதி மடித்த போர்வையைக் கட்டிலில் போட்டுவிட்டு உட்கார்ந்து, தன்னிடம் இருந்ததிலேயே சிறந்ததை எடுத்துக் கொடுத்தாள். அதன் பெயர் ரகசிய ஆள்.

அது இப்படி. எல்லாப் பிள்ளைகளின் பெயரும் ஐஸ் குச்சிகளில் எழுதி ஒரு டப்பாவில் இருக்கும். காலையில் டீச்சர் ஒன்றை உருவி, யாருக்கும் காட்டாமல் கைப்பையில் போட்டுக்கொள்வாள். 'இன்னிக்கு ஒரு ஆளை மட்டும் பார்க்கப் போறேன். அந்த ஆள் ஒழுங்கா இருந்தா எல்லாருக்கும் விளையாட்டு நேரம் கூடுதல்.' அவ்வளவுதான். அது யார் என்று தெரியாததால் எல்லாருமே தான்தான் என்று நினைத்துக்கொள்வார்கள். ஒரு பிள்ளையைக் கவனிக்கிற வேலையில் ஒரு வகுப்பே அடங்கிவிடும். சாயங்காலம் குச்சியை எடுத்து, ஜெயித்திருந்தால் பெயரைச் சொல்லிக் கை தட்ட வைக்க வேண்டும். தோற்றிருந்தால் சத்தமில்லாமல் டப்பாவில் போட்டுவிட வேண்டும்.

"தோத்த ஆள் பேரை மட்டும் எந்தக் காரணத்துக்கும் சொல்லிடாதே" என்றாள் டீச்சர். "சொன்னா அந்த ஆள் உடைஞ்சிடும். மத்தவங்க, அப்பாடா நான் இல்லன்னு தளர்ந்துடுவாங்க. ரெண்டும் போச்சு."

"தொடர்ந்து தோத்துட்டே இருந்தா?"

"அப்ப பொய் சொல்லு. நல்லா பண்ணின யாராவது ஒருத்தர் பேரைச் சொல்லி அவங்கதான்னு சொல்லிடு. ஜெயிச்சதா பொய் சொல்லலாம். தோத்ததா சொல்லக்கூடாது."

பாப்பா அண்ணியைக் கட்டிக்கொண்டாள். தலையெண்ணிக்கைக்காவது நீங்களும் வாருங்கள் அண்ணி என்று கூப்பிட்டாள். டீச்சருக்கு வலது முட்டி சரியில்லை. கரும்பலகைக்கும் கடைசி பெஞ்சுக்கும் நடந்து நடந்து தேய்ந்த முட்டி. ஆனாலும் போனாள்.

ஹாலில் முன்சுவர் முழுக்கக் கண்ணாடி. பின்சுவரை ஒட்டித் தண்ணீர் கேன். டீச்சர் தன் யோகா மேட்டை அந்தக் கேன் பக்கத்தில் விரித்துக்கொண்டாள். வகுப்பின் கடைசியில் வருவது பிளாங்க்: முழங்கையையும் கால் விரல்களையும் ஊன்றி, உடம்பைப் பலகை மாதிரி நீட்டி நிறுத்துவது. பாப்பா குச்சி உருவி வைத்திருக்கும் ரகசிய ஆள், அப்போது ஓடும் பாட்டு முடியும்வரை முட்டி தரையில் படாமல் நின்றால் எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். பட்டுவிட்டால் எல்லாரும் இன்னொரு சுற்று குதிக்க வேண்டும்.

பாப்பாவே எதிர்பார்க்காத அளவுக்கு அது வேலை செய்தது. போன்கள் பைக்குள் போயின. போன வாரம்வரை மேட்டில் படுத்துக் கொட்டாவி விட்டவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்கினார்கள். வந்தவர்கள் ஆள் சேர்த்துக்கொண்டு வந்தார்கள். முக்கியமாக பேங்க் அக்கா. ஒரு வங்கிக் கிளையின் மேனேஜர். எந்த அறைக்குள் போனாலும் அங்கே ஏற்கெனவே அவர்தான் மேனேஜர் என்பது போல நுழைவார். தன் ஆபீஸ் பெண்களையும் அடுக்குமாடி அண்டை வீட்டுக்காரிகளையும் காரில் அள்ளிப்போட்டுக் கொண்டுவந்ததில் பாதி ஹால் நிரம்பியது.

டீச்சர் கணக்கில் எடுக்காதது ஒன்று இருந்தது. பிள்ளைகள் மணி அடித்தால் மறந்துவிடுவார்கள். பெரியவர்கள் ஒரே காரில் வீட்டுக்குப் போகிறவர்கள். காலியாக விட்ட இடத்தில் ஒரு பெயரை எழுதாமல் அவர்களுக்குத் தூக்கம் வராது.

கூடுதல் சுற்று வந்த நாட்களில் கண்ணாடி வழியாகக் கண்கள் பின்வரிசைக்குப் போயின. அங்கே எல்லாரையும்விட வயதான ஒருத்தி, எல்லாரையும்விடச் சத்தமாக மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தாள். முதலில் கிண்டல்தான். டீச்சரம்மா இன்னைக்கும் எங்களுக்கு ஹோம்வொர்க் குடுத்துட்டாங்க என்று ஒருத்தி சொல்ல, டீச்சரும் சேர்ந்து சிரித்தாள். பிறகு அவளுக்கு முட்டி மேடம் என்று பெயர் வந்தது. பிறகு அவள் தண்ணீர் பிடிக்கப் போனால் கேனருகே பேச்சு நின்றது. ஒருநாள் அவள் வரும்போது மேட் விரிக்கிற இடத்தில் யாரோ செருப்புகளை அடுக்கி வைத்திருந்தார்கள். அவள் அவற்றை ஒவ்வொன்றாக ஓரமாக எடுத்து வைத்துவிட்டு விரித்தாள்.

அவள் வீட்டில் பழகினாள். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே, தரையில், கணவன் கால்மாட்டில். 'இந்த வயசுல ஒலிம்பிக்ஸா' என்று அவன் கேட்டான். ஒரு வித்தை பிடிபட்டது: முட்டியால் நிற்கக்கூடாது, வயிற்றால் நிற்க வேண்டும். வயிற்றை முதுகெலும்பு பக்கமாக இழுத்துப் பிடித்தால் பாரம் முட்டியை விட்டு மேலே ஏறிவிடும். அது தெரிந்த பிறகு அவள் ஹாலில் ஒருநாள்கூட முட்டியை வைக்கவில்லை. ஆனாலும் கூடுதல் சுற்றுகள் வந்தன, கண்கள் அவளிடம்தான் வந்தன. பார்க்கிறவர்கள் முட்டியைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தார்கள். முகம் சிவந்து, தோற்றவள் முகம் மாதிரியே இருந்தது.

கடைசியில் அவள் பாப்பாவிடம் கேட்டாள். "ஒரே ஒரு வார்த்தை சொல்லேன். அது நான் இல்லன்னு."

"தோத்த ஆள் பேரைச் சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே அண்ணி சொன்னீங்க?"

"நான் இல்லன்னு சொல்றது பேர் சொல்றதா?"

"உங்கள இல்லன்னு சொன்னா நாளைக்கு ஒவ்வொருத்தியும் என்னையும் இல்லன்னு சொல்லுன்னு வந்து நிப்பா. எல்லாரையும் கழிச்சா மிச்சம் நிக்கிறவதான் அந்த ஆளு. அப்புறம் ரகசியம் எங்க இருக்கு?"

அது சரிதான் என்று டீச்சருக்குத் தெரிந்தது. அதுதான் வலித்தது. பாப்பா பாடத்தை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தாள்.

மாத முடிவில் ஹால் மேனேஜர் வந்தார். கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். அன்று ஹால் நிறைந்திருந்தது. ஒரு மேட்டுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே கால் வைக்க இடமில்லை. பாட்டு தொடங்கியது. டீச்சர் வயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தாள். பாட்டின் நடுவில், முன்வரிசையில், பேங்க் அக்கா தலைமுடி ரப்பர் பேண்டைச் சரிசெய்வதற்காக ஒரு கையை எடுத்தார். அந்தச் சாக்கில் இரண்டு முட்டியையும் தரையில் வைத்து, ஒரு நல்ல பெருமூச்சு விட்டு, மறுபடி எழுந்தார். பாப்பாவும் அதைப் பார்த்தாள். பாட்டு முடிந்தது. பாப்பா பாக்கெட்டிலிருந்த குச்சியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்னொரு சுற்று என்றாள்.

யாரும் எழுந்திருக்கவில்லை. பேங்க் அக்காதான் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

"இன்னிக்குப் பேரைச் சொல்லிடு கோச். யாரோ ஒருத்தி செய்யற தப்புக்கு நாங்க ஏன் தினம் சாகணும்? சொல்லலன்னா நாளைலேர்ந்து நான் வரல."

காரில் வருகிறவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். கதவோரம் இருந்த ஹால் மேனேஜர் கால்மேல் கால் போட்டுக்கொண்டார். பாப்பா குச்சியை எடுத்தாள். அதில் இருந்த பெயரைப் படித்தாள். பிறகு நிமிர்ந்து, கண்ணாடியைப் பார்க்காமல், நேராகப் பின்வரிசையைப் பார்த்தாள்.

"எங்க அண்ணி" என்றாள்.

அந்த ஹாலில் அவள் அதுவரை அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. மேடம் என்றுதான் கூப்பிடுவாள். டீச்சரம்மா கோச்சுக்குச் சொந்த அண்ணி என்பதே பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. அப்புறம் கைதட்டல். சொந்த அண்ணின்னும் பார்க்கல பாரு, இதுக்குப் பேருதான் நேர்மை என்று யாரோ சொன்னார்கள். ஹால் மேனேஜர் கூடத் தட்டினார். பேங்க் அக்கா பின்வரிசை வரைக்கும் நடந்து வந்து டீச்சரின் தோளைத் தட்டிக் கொடுத்தார். வயசாகுதுல்ல டீச்சரம்மா, மனசுல வச்சுக்காதீங்க என்றார்.

பிறகு எல்லாரும் குதித்தார்கள். டீச்சரும் குதித்தாள். ஒவ்வொரு முறை கால் தரைக்கு வந்தபோதும் முட்டிக்குள் எதுவோ நறநறவென்றது.

வீட்டில் பாப்பா ஐஸ் கட்டிகளைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்து அண்ணியின் காலடியில் உட்கார்ந்தாள். அந்த நேரம் இனி அவளுக்குத்தான் என்று ஹால் மேனேஜர் சொல்லிவிட்டார். அவள் முகத்தில் சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை. மறைக்க ரொம்ப முயலவும் இல்லை.

"குச்சில பேங்க் அக்கா பேர்தான் இருந்துச்சு அண்ணி. அதைச் சொல்லியிருந்தா பாதி வகுப்பு அவங்களோட கார்ல ஏறிப் போயிருக்கும். நீங்கன்னா நம்ம வீட்டு ஆளு. தாங்கிப்பீங்க."

டீச்சர் தன் கணவனைப் பார்த்தாள். அவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், சின்னப் பொண்ணு பொழைப்பு, நீதான் பெரியவ, விட்டுக்கொடு என்றான். துண்டு நனைந்து தண்ணீர் பாதம் வரை வழிந்தது. இன்னும் கொஞ்சம் மேலே வை பாப்பா என்று மட்டும் டீச்சர் சொன்னாள்.

டீச்சர் முன்பே எச்சரித்தபடியே நடந்தது. ஒரு தடவை பெயர் வெளியே வந்த பிறகு ரகசிய ஆளுக்கு உயிர் போய்விட்டது. எப்படியும் முட்டி மேடம்தான் என்று முடிவாகிவிட்டதால் பிளாங்கில் யாரும் பல்லைக் கடிக்கவில்லை. மறுபடி போன்கள் வெளியே வந்தன. பாப்பா மறுபடி துணி மடிக்க வந்தாள். அண்ணி, இது தேஞ்சு போச்சு, வேற ஏதாவது இருக்கா என்றாள்.

டீச்சரிடம் இருந்தது. அன்று காலையில்கூட அதைச் செய்துவிட்டுத்தான் வந்திருந்தாள். குட்டி டீச்சர் என்று பெயர். பிள்ளைகளில் ஒருவர் வந்து கரும்பலகை முன் நின்று கொஞ்ச நேரம் பாடம் நடத்துவது. நடத்துகிற பிள்ளை, சொல்லிக்கொடுப்பதற்காகவே பாடத்தை ஒழுங்காகப் படித்துவிடும். கேட்கிற பிள்ளைகள், நாளைக்குத் தன் முறை என்பதால் கூர்ந்து கேட்கும். இதை அப்படியே பாப்பாவுக்குச் சொன்னாள். பொறுமையாக, எதற்கு எது என்று விளக்கி. எப்போதும் போல அவள் கைகளும் கூடவே பேசின.

பாப்பா நல்ல மாணவி. கேட்க வேண்டியதைக் கேட்டாள். "முதல்ல யாரை நிறுத்தலாம்?"

டீச்சர் அன்று காலையில் நிறுத்தியது ஜன்னலோரம் உட்காருகிற ஒரு பெண்ணை. அதன் குரல் அதற்கே கேட்காது. முதல் முறையை எப்போதும் அப்படிப்பட்ட பிள்ளைக்குத்தான் கொடுப்பாள். வகுப்பு ஏற்கெனவே யார் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருக்கிறதோ அந்தப் பிள்ளையிடம் மட்டும் கொடுக்க மாட்டாள். கொடுத்தால் சாக்பீஸ் திரும்பி வரும், வகுப்பு திரும்பி வராது. அந்த நேரத்தில் பிள்ளைகளோடு போய் உட்காரவும் மாட்டாள். கரும்பலகைக்குப் பக்கத்திலேயே, கை எட்டுகிற தூரத்தில் நிற்பாள். பாதி வாக்கியத்தில் என்றாலும் சரி, நேரம் ஆனதும் சாக்பீஸைத் தன் கையாலேயே வாங்கிக்கொள்வாள்.

அவள் ஒரு தலையணை உறையை உதறினாள். நான்காக மடித்தாள்.

"எல்லாருக்கும் யாரைப் பிடிக்குதோ அவங்கள நிறுத்து" என்றாள். "நீ அவங்க மேட்ல போய் நின்னுக்க. ஆளோட ஆளா நின்னாத்தான் அவங்களுக்குக் கூச்சம் போகும். நீயா நிறுத்தாதே. அவங்களே போதும்ங்கற வரைக்கும் விடு."

பாப்பா அண்ணியின் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

பேங்க் அக்கா முதல் நாளே மைக்கைக் காதில் மாட்டிக்கொண்டு பிறந்தவர் போல இருந்தார். இடது வலது தப்பித் தப்பி வந்தது. கண்ணாடி வித்தை அவருக்குத் தெரியாது. ஹால் முழுக்க ஆளுக்கொரு பக்கம் கையைத் தூக்கி, ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பாப்பாவின் வகுப்பில் ஒருநாளும் வந்ததில்லை. மறுநாளும் அவரே நடத்தட்டும் என்று கேட்டார்கள். பாப்பாவும் விட்டாள், அண்ணி சொன்னபடி, அவர்களே போதும் என்கிற வரைக்கும். அவர் போதும் என்று சொல்லவில்லை. தன் வீட்டிலிருந்து பெரிய ஸ்பீக்கர் ஒன்றைக் கொண்டுவந்தார். பாட்டுகளை மாற்றினார். ஒருநாள் பாப்பா முன்னால் போய் நின்று கையைத் தூக்கியபோது, ஹால் அவளை விட்டுவிட்டு முன்வரிசையில் இருந்த பேங்க் அக்காவைப் பார்த்தது. எல்லார் கையும் அவர் கை எழுந்த பிறகுதான் எழுந்தது.

ஹால் மேனேஜருக்கு ஆள் நிறைந்தால் போதும். அந்த நேரம் பேங்க் அக்கா பெயருக்கு மாறியது. கோச் நீயும் வந்துட்டு இரும்மா, ஸ்பீக்கர் எடுத்து வைக்க ஒரு கை வேணும்ல என்று பேங்க் அக்கா ஆசையாகச் சொன்னார். பாப்பாவுக்குப் போக வேறு இடம் இல்லை. வந்தாள். முன்வரிசையில் அவளுக்கு இடம் இல்லை. இரண்டாம் வரிசையிலும் இல்லை. தண்ணீர் கேன் பக்கத்தில், அண்ணியின் மேட்டை ஒட்டித்தான் இருந்தது.

பேங்க் அக்காவுக்கு ரகசிய ஆள் விளையாட்டு ரொம்பப் பிடித்திருந்தது. அதைத் திரும்பக் கொண்டுவந்தார். ஆனால் தோற்ற ஆள் பெயரை மைக்கில் சொல்வதுதான் அவருக்கு அதில் ருசி.

அன்றும் பாட்டு ஓடியது. பாப்பாவின் உடம்பு ஆணியடித்த பலகை மாதிரி நின்றது. அந்த ஹாலில் அவளைப் போல நிற்க ஒருத்தி கிடையாது. பக்கத்தில் இருந்த டீச்சர் அவளுடைய முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டிக்கும் தரைக்கும் நடுவே ஒரு பிள்ளை உள்ளங்கையை நுழைக்கலாம். பாட்டு முடியும்வரை அந்த இடைவெளி குறையவில்லை. மூன்றாம் வரிசையில் பேங்க் அக்காவின் அண்டை வீட்டுக்காரி ஒருத்தி குப்புற விழுந்து கிடந்தாள்.

பேங்க் அக்கா குச்சியைப் பார்த்தார். மூன்றாம் வரிசையைப் பார்த்தார். ஒரு கணம் யோசித்தார்.

"நம்ம பழைய கோச்தான்" என்றார் மைக்கில்.

ஹால் திரும்பியது. சிரிப்பு எழுந்தது. பாப்பா எழுந்து மண்டி போட்டு உட்கார்ந்தாள். "நான் முட்டி வைக்கல" என்றாள். யாரும் கேட்கவில்லை. அவள் பக்கத்து மேட்டைப் பார்த்தாள். "அண்ணி, நீங்க பார்த்துட்டுத்தானே இருந்தீங்க. சொல்லுங்க அண்ணி."

"ஆமா, டீச்சரம்மா பக்கத்துலதான் இருக்காங்க. அவங்களையே கேட்டுடுவோம்" என்றார் பேங்க் அக்கா. "பொய் சொல்ல மாட்டாங்க."

ஹால் அமைதியானது. டீச்சர் தட்டாமலே அமைதியானது. கண்ணாடியில் எல்லா முகங்களும் அவளைப் பார்த்தன. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள், தாழ்ந்த குரலைத்தான் எல்லாரும் காதுகொடுத்துக் கேட்பார்கள்.

"பட்ட மாதிரிதான் இருந்துச்சு" என்றாள்.

பிறகு கேனில் தண்ணீர் பிடித்து நாத்தனாரிடம் நீட்டினாள். பாப்பா வாங்கவில்லை. டீச்சர் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, வலது காலில் பாரம் விழாதபடி பார்த்துப் பார்த்து எழுந்து நின்றாள்.

"எழுந்து குதி பாப்பா. எல்லாரும் நமக்காக நிக்கிறாங்க பாரு."